15,000 ரூபாய்க்குள்ள குதிரைக்குப் பொருந்துற சேணம் கிடைக்குமா?

கேள்வி, 3 ஜூன் 2024

சத்தியமங்கலம் பக்கம் இருக்கேன். 58 இன்ச் உயரம், கெல்டிங் (காயடிச்ச ஆண்குதிரை), 7 வயசு, மார்வாரி கிராஸ்னு சொல்லிக் குடுத்தாங்க. இத்தன நாளா கம்பளிய மடிச்சுப் போட்டு அது மேல தான் ஏறிட்டு இருந்தேன். இப்ப சேணம் வாங்கலாம்னு இருக்கேன், 15,000 தான் முடியும். ஆன்லைன்ல கான்பூர் சேணம் ஒண்ணு 9,000க்கு இருக்கு, 17 இன்ச்னு போட்டிருக்கு. என் குதிரைக்கு 17 சரியா வருமா, இல்ல 16 வாங்கணுமா? லெதரா, சிந்தடிக்கா?

3 ஜூன் 2024, ராத்திரி

அந்த 17 குதிரையோட அளவே இல்லங்க. அது நீங்க உக்கார்ற சீட்டோட அளவு. சேணத்தோட முன்பக்கம் சைடுல சின்னதா ஒரு ஆணி கொண்டை மாதிரி இருக்கும், அதுலேர்ந்து பின்மேட்டோட நடு வரைக்கும் டேப் வெச்சா வர்றது தான் 16, 17, 17½ எல்லாம். உங்க தொடை நீளத்துக்கும் இடுப்புக்கும் தான் அது கணக்கு. குதிரைக்குப் பொருந்துமான்னு அது ஒரு வார்த்தை கூட சொல்லாது. குதிரைக்குப் பாக்க வேண்டியது வேற: உள்ள எலும்புக்கூடு மாதிரி இருக்குற சட்டம், அதாவது ட்ரீ, எவ்வளவு அகலம், அடியில குதிரை முதுகுல படுற மெத்தை, அதாவது பேனல், எவ்வளவு நீளம், நடுவுல முதுகெலும்புக்கு விட்டிருக்குற வாய்க்கா எவ்வளவு அகலம். இந்த மூணுல ஒண்ணு கூட அந்த விளம்பரத்துல இல்லைன்னா பணம் கட்டாதீங்க. ரெண்டு வாரம் பொறுங்க. கம்பளில ஏறுனது போதும், ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது.

4 ஜூன் 2024

நான் ஏன் இவ்வளவு அவசரமா நிறுத்தச் சொல்றேன்னா, என் அல்லி விஷயத்துல அந்தத் தப்ப நானே பண்ணிருக்கேன்.

அல்லி மார்வாரி, பெண்குதிரை, செவலை நிறம், 59 இன்ச். 2021 டிசம்பர்ல வாங்கினேன். வர்றப்போ விலா எலும்பு எண்ணிப் பாக்குற மாதிரி இருந்தா. ஜனவரில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல லெதர் சேணம் 22,000க்கு வாங்கினேன். பாக்க அவ்வளவு அழகு, நல்லா எண்ணெய் ஏறின காப்பி கலரு, தையல் எல்லாம் நேர் கோடு. நான் பாத்தது அத மட்டும் தான். போட்டுப் பாத்தா முன்னாடி கொஞ்சம் இறங்குச்சு, சரி ஒல்லியா இருக்கா, துண்டு மடிச்சு வெச்சா ஏறிக்கும்னு வெச்சேன். ஒரு துண்டு ரெண்டாச்சு, ரெண்டு துண்டு மேல ஒரு நம்தா, அதாவது சேணத்துக்கு அடியில போடுற கம்பளி விரிப்பு, ஆச்சு.

மூணாவது வாரம் ராத்திரி கொள்ளு வைக்கப் போனப்ப பிடரி முடியுற எடத்துல கைய வெச்சேன், சுட்டுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா வித்தர்ஸ் மேல, அதாவது பிடரி முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற அந்த மேட்டு மேல, எலுமிச்சம்பழம் பாதி அளவுக்கு வீங்கி இருந்துச்சு. கை பட்டதும் தோல் அப்படியே சுருங்கி நடுங்குச்சு, அவ தலையத் திருப்பி என் சட்டையக் கவ்வ வந்தா. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவே சேணத்தத் தூக்கிட்டுப் போனா காத மடக்கிட்டுத்தான் நிப்பா. நான் அத திமிருன்னு நெனச்சு அதட்டிட்டு இருந்திருக்கேன். அத நெனச்சா இப்பவும் தாங்கல.

டாக்டர் வந்து பாத்துட்டு மருந்து குடுத்தாரு, பச்சத்தண்ணி ஒத்தடம், வீக்கம் முழுசா வத்தற வரைக்கும் முதுகு மேல ஒரு துணி கூட போடக்கூடாதுன்னாரு. ஐஞ்சு வாரம் ஆச்சு.

4 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

துண்டு மேட்டர்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அல்லிக்கு நான் போட்ட மாதிரி அகலமான சேணத்துக்கு அடியில மெத்த வெச்சா கொஞ்சம் தூக்கும், ஆனா எங்க தூக்கணுமோ அங்க தூக்காது, ஆட ஆட நழுவி முதுகெலும்பு மேலயே இறங்கிரும். குறுகலான சேணத்துக்கு அடியில மெத்த வெச்சா இன்னும் மோசம். கை நுழையாத வளையல, கைல துணியச் சுத்திக்கிட்டுப் போடப் பாக்குற மாதிரி.

9 ஜூன் 2024

அளவு எப்படி எடுக்கறதுன்னு கேட்டீங்க. செலவு பெருசா வராது.

ஸ்டேஷனரி கடைல இன்ஜினியரிங் டிராயிங் பசங்க வாங்கற ஃப்ளெக்ஸிபிள் கர்வ் ஒண்ணு கிடைக்கும், ரப்பர் மாதிரி வளையும், வளைச்ச வளைவுலயே நிக்கும். நீளமா பாத்து வாங்குங்க. அது கிடைக்கலைன்னா எலக்ட்ரீசியன்கிட்ட கனமான அலுமினிய சர்வீஸ் ஒயர் மீட்டர் ஒண்ணு வாங்கிக்கலாம், கொஞ்சம் ஜாக்கிரதையா எடுக்கணும், தூக்கும்போதே விரிஞ்சுடும்.

குதிரைய சமமான தரைல நாலு காலும் நேரா நிக்க வெச்சு, தலைய சாதாரண உயரத்துல வெச்சுக்கச் சொல்லுங்க. கொள்ளு வாளியில தலைய விட்டுட்டு இருக்கறப்ப எடுக்காதீங்க, தலை இறங்குனா முதுகு மேல வரும், அளவு மாறிடும். தோள்பட்ட எலும்ப கையால தடவித் தேடுங்க, தட்டையா பெருசா இருக்கும், அதோட பின் ஓரம் எங்க முடியுதுன்னு பிடிச்சுட்டு அங்கேர்ந்து ரெண்டு விரல் பின்னால தள்ளி சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. சேணத்தோட முன் வளைவு அங்கதான் உக்காரணும். முன்னால போகக்கூடாது. ஏன்னா குதிரை முன்னங்கால நீட்டும்போது அந்த தோள்பட்ட எலும்போட மேல் ஓரம் பின்னால சாயும். சந்தேகமா இருந்தா ஒருத்தர முன்னங்காலத் தூக்கி முன்னால இழுக்கச் சொல்லிட்டு நீங்க கைய அங்க வெச்சுப் பாருங்க, எலும்பு உங்க விரல வந்து தள்ளும். சேணம் அந்த எடத்துல உக்காந்திருந்தா ஒவ்வொரு அடிக்கும் அந்த எலும்பு சேணத்துல போய் இடிக்கும்.

கோட்டு மேல கர்வ வெச்சு ரெண்டு பக்கமும் நல்லா அழுத்தி, மெதுவா எடுத்து பழைய காலண்டர் பேப்பரோட பின்பக்கம் வெச்சு பென்சில்ல உள் ஓரமா வரைஞ்சுக்கோங்க. தேதி எழுதுங்க, மறக்காதீங்க, அந்தத் தேதி ஏன்னு அப்புறம் சொல்றேன். இதே மாதிரி ஒரு ஜாண் பின்னால ஒண்ணு, கடைசி விலா எலும்பு வர்ற எடத்துல ஒண்ணு. அப்புறம் வித்தர்ஸ்லேர்ந்து பின்னால முதுகு நீளத்துக்கு ஒண்ணு, அதுல தான் முதுகு பள்ளமா நேரான்னு தெரியும்.

கடைசி விலா கண்டுபிடிக்கறது ஈஸி. வயித்துப் பக்கத்துல தேடி, அங்கேர்ந்து விலாவோட சாய்வ விரலால பிடிச்சுக்கிட்டே மேல வாங்க. முதுகுல எங்க சேருதோ அதுக்குப் பின்னால சேணத்தோட பேனல் போகவே கூடாது. 18 ஜோடி விலா இருக்கு குதிரைக்கு, அந்த விலாக் கூடு தாங்கற வரைக்கும் தான் நம்ம எடைய அது தாங்கும், அதுக்குப் பின்னால தாங்குறதுக்கு ஒண்ணும் இல்ல. 58 இன்ச் குதிரைக்கு முதுகு குட்டையா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதனால தான் நீளத்துல பிடிவாதமா இருக்கேன். உங்களுக்கு 17½ சீட்டு வசதியா இருந்து, அதோட பேனல் கடைசி விலாவத் தாண்டுச்சுன்னா நீங்க தான் விட்டுக் குடுக்கணும்.

காலண்டர் பேப்பர்ல வரைஞ்ச கோட்ட ஒட்டி அட்டைல வெட்டி வெச்சுக்கோங்க. கடைக்குப் போனா சேணத்த கவுத்துப் போட்டு அட்டைய முன் வளைவுல சொருகிப் பாக்கலாம், குதிரையக் கூட்டிட்டுப் போக வேண்டாம். ஆன்லைன்னா பேப்பர்ல வரைஞ்ச அந்த ட்ரேஸிங்க போட்டோ எடுத்து பக்கத்துல ஸ்கேல் வெச்சு அனுப்புங்க. வாங்கிப் பாத்துட்டு பதில் சொல்றவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

10 ஜூன் 2024

நேத்து முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். வித்தர்ஸுக்கும் சேணத்து வளைவுக்கும் நடுவுல ரெண்டு விரல் போதும்னு ரொம்பப் பேரு சொல்வாங்க, நானும் போன வருஷம் இன்னொருத்தருக்கு அப்படித்தான் சொன்னேன். அது ஆள் ஏறினதுக்கு அப்புறம் இருக்க வேண்டிய இடைவெளி. ஆள் இல்லாம வெறுமனே வைக்கிறப்ப மூணு விரல் இருந்தா தான் ஏறினா ரெண்டாவது மிஞ்சும். மேல மட்டும் இல்ல, வித்தர்ஸோட ரெண்டு பக்கமும் விரல் போகணும். நடு வாய்க்கா மூணு நாலு விரல் அகலம், முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் அதே அகலம். பின்னால போகப் போகக் குறுகுற சேணம் நெறைய வருது, முன்னாடி மட்டும் பாத்து ஏமாந்துறாதீங்க.

22 ஜூன் 2024

தேதி எழுதச் சொன்னேன்ல.

வீக்கம் வத்துனதும் 2022 ஏப்ரல்ல அல்லிக்கு ஒழுங்கா ட்ரேஸிங் எடுத்தேன். இங்கிலீஷ் A எழுத்து மாதிரி கூரா வந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி குறுகலான ட்ரீ போட்ட லெதர் சேணம், புதுசு, கான்பூர்லேர்ந்து 14,000க்கு வர வெச்சேன். அப்படியே அளவெடுத்து தெச்ச மாதிரி உக்காந்துச்சு. முன்னால பின்னால நகரல, ஆடல, காதும் மடக்கல. பழச 12,000க்குக் குடுத்துட்டேன், வாங்குனவருக்கு கிண்டி ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன இங்கிலீஷ் குதிரை, அந்த வித்தர்ஸப் பாத்துட்டு வேண்டாம்னு நானே சொன்னேன். அவரு அட்டை வெட்டிட்டு வந்து பாத்து தன்னோட இன்னொரு குதிரைக்குன்னு எடுத்துட்டுப் போனாரு.

அப்புறம் அல்லி தேறினா. கொள்ளு, தவிடு, கொழுக்கட்டப் புல்லு, காலைல வாய்க்கா மேட்டுல ஏத்தம் இறக்கம்னு நடை. ஆறு மாசத்துல வித்தர்ஸுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் பள்ளமா இருந்த எடம் சதை போட்டு நெறஞ்சுருச்சு. நான் சந்தோஷமா பாத்துட்டு இருந்தேன், போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். சேணம் அதேதான், மாத்தல. நல்லா உக்காந்த சேணம் தானே!

டிசம்பர்ல ஒரு நாள் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டு வெயில்ல நிக்க வெச்சுருந்தேன். வித்தர்ஸுக்குக் கீழ ரெண்டு பக்கமும், சரியா ஒரே உயரத்துல, அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு வெள்ளையா ஏதோ. சோப்பு நுரைன்னு நெனச்சு தண்ணி ஊத்தினேன். போகல. விரலால பிரிச்சுப் பாத்தா முடியே வேர்லேர்ந்து வெள்ளை. அது நோய் இல்ல, அந்த எடத்துல அழுத்தம் இருந்து இருந்து முடிக்கு நிறம் குடுக்குற செல் செத்துப் போச்சு. பழைய முடி உதிர்ந்து புதுசு வரும்போது தான் வெள்ளையாத் தெரியும், அதனால அடி விழுந்தது எப்பவோ, கண்ணுல பட்டது எப்பவோ.

அன்னிக்கே புதுசா ஒரு ட்ரேஸிங் எடுத்தேன். ஏப்ரல் பேப்பரையும் டிசம்பர் பேப்பரையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஜன்னல் கண்ணாடில ஒட்டினேன். உச்சி ரெண்டும் ஒண்ணா நிக்குது, கீழ இறங்க இறங்க கோடு பிரியுது, ஒரு பக்கத்துக்கு என் சுண்டு விரல் உள்ள படுத்துக்குற அளவுக்குப் பிரிஞ்சுருந்துச்சு. அவ்வளவு சதைய அந்த குறுகலான ட்ரீ ஒவ்வொரு நாளும் கிள்ளிட்டு இருந்திருக்கு. காத மடக்காம நின்னது, பழகிப் போய் நின்னது.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கறேன். காலண்டர் பேப்பர் சுருட்டி வெச்சுருக்கேன், தேதி போட்டு.

23 ஜூன் 2024

முதுகு மாறும்ங்கறது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தோட 1912 யுனிவர்சல் பேட்டர்ன் சேணம் ஒண்ண ஒருத்தர் வீட்ல பாத்துருக்கேன். இரும்பு வளைவுல கீல் போட்டிருக்கும், கதவுக் கீல் மாதிரி. குதிரை சண்டைல அலைஞ்சு இளைச்சா அதுக்கு ஏத்த மாதிரி பக்கப் பலகை தானா சாஞ்சு உக்காரும். அந்த மாதிரி ராணுவ வேலைக்குத்தான் கான்பூர்ல சேணத் தொழிலே பெருசாச்சு, இப்ப கான்பூர் சேணத்துக்கு புவிசார் குறியீடு கூட இருக்கு. அந்த ஊர்லேர்ந்து வெளிநாட்டுக்கெல்லாம் போற சரக்கும் உண்டு, 4,000 ரூபாய்க்கு வர்ற சரக்கும் உண்டு, கான்பூர்னு மட்டும் கேட்டு வாங்கறது திருப்பூர் பனியன்னு கேட்டு வாங்கற மாதிரி. எந்த பனியன்?

கீல் வெச்ச அந்த யோசனை தான் இப்ப மாத்துற முன்வளைவுன்னு வருது. விண்டெக் மாதிரி ஆஸ்திரேலியா கம்பெனி சேணத்துல ஸ்க்ரூ கழட்டி வளைவு தகட்ட மட்டும் மாத்திக்கலாம், குறுகல், நடுத்தரம், அகலம்னு. இந்தியாலயும் அதே மாதிரி பண்றாங்க. என்னோட மூணாவது சேணம் அப்படி ஒண்ணு தான், சிந்தடிக், செகண்ட் ஹேண்ட், மூணு தகடோட 13,500. 22,000, 14,000, 13,500 மூணையும் கூட்டினா 49,500. கடைசியா வாங்குனத மொதல்லயே வாங்கிருந்தா அல்லி முதுகுல அந்த ரெண்டு வெள்ளை இருந்திருக்காது.

7 ஜூலை 2024

லெதரா சிந்தடிக்கான்னு கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலயே. உங்க பட்ஜெட்டுக்கு செகண்ட் ஹேண்ட் சிந்தடிக், வளைவு மாத்துற மாதிரி. லெதர் நல்லா வெச்சுக்கிட்டா தலைமுறைக்கு வரும், ஆனா 15,000க்குப் புதுசா வர்ற லெதர்ல பணம் எல்லாம் தோல்ல போயிருக்கும், உள்ள ட்ரீ என்ன தரம்னு நமக்குத் தெரியாது. ஐப்பசி மழைல லாயத்துல தொங்க விட்டா நாலு நாள்ல பூஞ்சை பிடிக்கும். தேங்காண்ணெய தோச்சுத் தேய்க்காதீங்க யாரும், தோல் தொளதொளன்னு ஆயி தையல் விட்டுரும்.

பழசு வாங்கப் போனா இதெல்லாம் பாருங்க. சேணத்தோட முன் மேட்ட உங்க வயித்துல சாச்சு வெச்சு, பின்மேட்ட ரெண்டு கையால உங்க பக்கம் இழுங்க. கொஞ்சமா வளையும், அது ஸ்ப்ரிங், பரவால்ல. நடுவுல மடியுற மாதிரி இருந்தா, இல்ல கிறீச்சுன்னு சத்தம் வந்தா ட்ரீ உடஞ்சுருக்கு, ஓசில குடுத்தாலும் வேண்டாம். முன்வளைவோட ரெண்டு காலையும் பிடிச்சு விரிச்சுப் பாருங்க, அசையவே கூடாது. கவுத்துப் போட்டு நடு வாய்க்கா வழியா ஒரு கண்ண மூடிப் பாத்தா கோணலா நேரான்னு தெரிஞ்சுரும். அடி மெத்தைய கட்டை விரலால இஞ்ச் இஞ்ச்சா அமுக்கிட்டே போங்க, புளி உருண்டை மாதிரி கட்டி தட்டுப்பட்டா அது குதிரை முதுகுல கல்லு.

குதிரை மேல வைக்கிறப்ப நம்தா, துணி எதுவும் இல்லாம வெறும் முதுகுல வைங்க. வித்தர்ஸ் மேல கொஞ்சம் முன்னாடியே வெச்சு பின்னால தள்ளுனா ஒரு எடத்துல அதுவா நிக்கும். அந்த எடத்துல சீட்டு மேல ஒரு கோலிகுண்ட விடுங்க. நடுவுல வந்து நின்னா சீட்டு சமமா இருக்கு. பின்னால ஓடுச்சுன்னா முன்னாடி தூக்கி நிக்குது, குறுகல். முன்னால ஓடுச்சுன்னா அகலம். என் பையன் வேலை இது, அவன்கிட்ட தான் கோலி இருக்கும். அப்புறம் பேனலுக்கு அடியில உள்ளங்கைய விட்டு முன்னாலேர்ந்து பின்னால போங்க. முன்னாடி இறுக்கம், நடுவுல கை லூசா போகுது, பின்னாடி திரும்ப இறுக்கம்னா முதுகுக்கும் சேணத்துக்கும் நடுவுல பாலம் கட்டிருக்கு, எடையெல்லாம் நாலு மூலைல எறங்கும். வெளிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, கைக்கு மட்டும் தான் தெரியும்.

8 ஜூலை 2024

உயிர் போற விஷயத்த விட்டுட்டேன். கால் வைக்கிற அங்கவடியோட வார் மாட்டுற கம்பி இருக்குல்ல, அதோட பின் முனைல சின்ன கொண்டி இருந்தா அது மேல தூக்கி மூடி இருக்கக்கூடாது. விழுந்தா வார் பின்னால கழண்டு வரணும், இல்லைன்னா கால் மாட்டி குதிரை இழுத்துட்டு ஓடும். அங்கவடியும் உங்க ஷூவ விட ஒரு இஞ்ச் அகலமா இருக்கணும். வயித்து வார் மாட்டுற பட்டைங்களோட தையல நகத்தால இழுத்துப் பாருங்க, ஒரு நூலு வந்தாலும் புதுசா தைக்கணும்.

21 ஜூலை 2024

போன மாசம் ஒருத்தருக்கு போன்ல சொன்னேன், சேணத்த எடுத்ததும் வேர்வைத் தடத்தப் பாருங்க, நடுவுல காஞ்ச திட்டு இருந்தா அங்க அழுத்தம்னு. அது பாதி தான் சரி. அழுத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா அந்த எடத்துல வேர்வை வராது, உண்மை. ஆனா சேணம் தொடவே தொடாத எடமும் காஞ்சு தான் இருக்கும். முதுகெலும்பு ஓரமா வாய்க்கா மாதிரி காஞ்சு இருந்தா அது நல்லது, அப்படித்தான் இருக்கணும். திட்டப் பாத்ததும் முடிவு கட்டாம, அது எதுன்னு கைய விட்டுப் பாத்து தெரிஞ்சுக்கணும். அவர்கிட்ட திரும்பக் கூப்புட்டுச் சொல்லிட்டேன், இங்கயும் எழுதி வெக்கிறேன்.

வேர்வைய விட நான் நம்பறது பழைய வெள்ளை வேட்டி. குதிரைய குளிப்பாட்டாம, தேய்க்காம, தூசியோட விட்டு, முதுகு மேல ஒத்தப் படையா வேட்டித் துணி போட்டு அது மேல சேணம். கால் மணி நேரம் நடையும் துள்ளு நடையுமா ஓட்டிட்டு எறக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே சீரா மங்கலா கறை இருந்தா நல்லா உக்காந்துருக்கு. கறுகறுன்னு ஒரு எடத்துல ஏறி இருந்தா அங்க குத்துது. துணி சுருண்டு ஒரு பக்கமா போயிருந்தா சேணம் சாயுது, இல்ல நீங்க சாஞ்சு உக்கார்றீங்க. அல்லிக்கு மொத தடவ போட்டப்ப வலது பக்கம் தான் கறை ஜாஸ்தி. சேணத்தப் பழி சொல்லிட்டு இருந்தேன், வீட்ல பின்னாலேர்ந்து வீடியோ எடுத்துக் காமிச்சாங்க, வலது அங்கவடி ஒரு ஓட்டை நீளமா விட்டிருந்தேன்.

12 ஆகஸ்ட் 2024

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை போய்ட்டு வந்தேன். வருஷா வருஷம் ஆடில போறது தான். காத்தியவாரி, மார்வாரி, வெள்ளை வெளேர்னு நுக்ரா, நாட்டு மட்டக் குதிரை, வரிசை வரிசையா. சேணக் கடைங்க எல்லாம் வெல்வெட்டு, ஜிகினா, குஞ்சம். ஊர்வலத்துக்கு அழகு தான், ஏறி ஓட்டறதுக்கு இல்ல.

வாங்க வர்றவங்க சுழி பாக்கறாங்க. நெத்தில, கழுத்துல, நெஞ்சுல, வயித்துல, ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பலன், மணிக்கணக்கா பேச்சு. நம்பிக்கை அவுங்கவுங்களோடது, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா முதுகத் தடவிப் பாக்கறவங்க எத்தன பேருன்னு ரெண்டு மணி நேரம் நின்னு பாத்தேன், ஒரே ஒரு பெரியவரு. எழுவது வயசு இருக்கும். ரெண்டு கட்டை விரலையும் முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் வெச்சு வித்தர்ஸ்லேர்ந்து இடுப்பு வரைக்கும் மெதுவா அழுத்திட்டே போனாரு. கண்ணு மட்டும் கையப் பாக்கவே இல்ல. எங்க பாக்கறீங்கன்னு கேட்டேன். "முதுகுக்கு வாய் இல்ல தம்பி, அது காதுல பேசும்" னாரு. பாத்தா நிஜமாவே ஒரு எடத்துல விரல் போனதும் அந்தக் குதிரையோட எடது காது மட்டும் பின்னால திரும்புச்சு. அங்க முடியப் பிரிச்சுக் காமிச்சாரு, வெள்ளை முடி. மேல கருப்பு மை தடவி இருந்தாங்க.

அன்னிலேர்ந்து சேணம் வைக்கிறதுக்கு முன்னாடி தெனமும் அதே மாதிரி தடவறேன், ஒரு நிமிஷம் கூட ஆகாது.

15 ஆகஸ்ட் 2024

எடையப் பத்தி ஒண்ணு. ஆளு, சேணம் எல்லாம் சேர்ந்து குதிரை எடைல 20 சதவீதத்துக்குள்ள இருக்கறது நல்லதுன்னு ஒரு கணக்கு வெச்சுக்குவாங்க. குதிரைய தராசுல நிக்க வைக்க வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுத்தளவு சென்டிமீட்டர்ல எடுத்து, அத அதாலயே பெருக்கி, தோள் முனைலேர்ந்து பிட்டத்து எலும்பு முனை வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி, 11,880ஆல வகுத்தா ஓரளவு கிலோ கிடைக்கும். அல்லிக்கு சுத்தளவு 168, நீளம் 152, போட்டா 361 கிலோ. 20 சதவீதம் 72. நான் அப்ப 71, லெதர் சேணம் சாமானோட 7. ஆக 78, நான் தான் தாண்டிட்டு இருந்தேன். சிந்தடிக் 5 கிலோ தான், அதுலயே 2 கொறஞ்சுது. மிச்சம் நான் கொறைச்சேன், இப்ப 66. உங்க 58 இன்ச்சுக்கும் ஒரு தடவ போட்டுப் பாருங்க, வெயிட்டான சேணம் கட்டுப்படியாகுமான்னு அதுல தெரிஞ்சுரும்.

1 செப்டம்பர் 2024

பேனல்ல பஞ்சு கட்டி ஆச்சுன்னா லோக்கல்ல சரி பண்ணலாமான்னு கேக்கறாங்க. பிரிச்சு நல்ல செம்மறி ரோமம் அடைக்கத் தெரிஞ்சவங்க கிடைச்சா பண்ணுங்க. நான் பஸ் சீட் தைக்கிற ஒரு எடத்துல குடுத்து, அவுங்க ஃபோம் துண்டு துண்டா வெட்டி அடைச்சுட்டாங்க. மேல பாக்க கும்முனு இருந்துச்சு, கட்டை விரல் வெச்சா படிக்கட்டு. அவுங்க மேல தப்பு சொல்ல முடியாது, மனுஷன் உக்கார்ற சீட்டு தைக்கிறவங்க, நான் தான் கூட நின்னு சொல்லிருக்கணும். திரும்பப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு.

19 செப்டம்பர் 2024

கேட்டவரு ட்ரேஸிங் அனுப்பிட்டாரு, நாலும் தேதியோட, ஸ்கேலோட. அருமையா எடுத்துருக்கீங்க. பாத்ததுல, மார்வாரி கிராஸ்னு சொன்னாலும் வித்தர்ஸ் கூரா இல்ல, அகலமா உருண்டு வருது, முதுகு கிட்டத்தட்ட நேரு. கடைசி விலா வரைக்கும் நீங்க குறிச்ச நீளம் 43 சென்டிமீட்டர் தான், குட்டை முதுகு. அந்த 9,000 சேணத்தோட பேனல் நீளத்தக் கேட்டு வாங்குனீங்கல்ல, அவுங்க சொன்னது 48. அப்ப அது வேண்டாம், 5 சென்டிமீட்டர் விலாவத் தாண்டி தொங்கும், அகலம் சரியா இருந்தாலும் வேண்டாம்.

என்கிட்ட தெரிஞ்சவரு ஒருத்தரோட சிந்தடிக் ஒண்ணு இருக்கு, 16½ சீட்டு, பேனல் குட்டை, அகலத் தகடும் நடுத்தரத் தகடும் இருக்கு, 11,000 கேக்கறாரு. ட்ரீ இழுத்துப் பாத்துட்டேன், தையல் பாத்துட்டேன், எடது பக்க வார்ப்பட்டை ஒண்ணு மட்டும் புதுசா தைக்கணும். வாங்கணும்னு இல்ல, வெச்சுப் பாக்கலாம்.

ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்குள்ள சத்தி வந்துருவேன், சேணத்தோட. கர்வ், கோலி, வேட்டி எல்லாம் நான் கொண்டு வர்றேன். சனிக்கிழமை மட்டும் குதிரையக் குளிப்பாட்டாதீங்க, தேய்க்கவும் வேண்டாம், நல்லா மண்ணுல பொரளட்டும். வேட்டில கறை விழணும்.